கரிஸ்மா ஃபேரிங் உடைந்ததும் புதுப்பேட்டையில் சரிசெய்ததும்

ஊருக்கு வந்தால் பல் டாக்டர், மூக்குக்கண்ணாடி, டெய்லர் என்று வெளிநாட்டில் இருக்கிற எல்லாரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். இந்த முறை என் பட்டியலில் தம்பியின் கரிஸ்மா பைக்கும் சேர்ந்துகொண்டது. 2003-இல் ஹீரோ ஹோண்டா விட்ட அந்த முதல் மாடல், 223 சிசி, முன்னால் அரை ஃபேரிங், அதாவது ஹெட்லைட்டைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் உறை. நான் லண்டன் கிளம்பும்போது அவனிடம் கொடுத்துவிட்டுப் போனது. மழையில் மண் இளகி ஸ்டாண்டு இறங்கி, வண்டி அப்படியே காம்பவுண்டு சுவரில் சாய்ந்திருக்கிறது. இடது பக்க ஃபேரிங்கில் ஹெட்லைட் ஓரத்திலிருந்து இண்டிகேட்டர் வரை விரிசல், போல்ட் மாட்டுகிற காது இரண்டு காணவே காணோம், சைடு பேனலை மாட்டுகிற பிளாஸ்டிக் முளை ('பின்') ஒன்று முறிந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிட்டது. இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப், கொஞ்சம் பெரிய இடம், ஏசி எல்லாம் இருக்கிறது. அங்கே பேனலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒட்டினா நிக்காது சார், முழு செட்டா மாத்திடலாம்" என்று பெயின்டோடு சேர்த்து ஒரு தொகை சொன்னார்கள். இருபது வருஷத்துக்கு முந்தைய மாடலுக்கு ஒரிஜினல் எங்கிருந்து வரும் என்று கேட்டால் டூப்ளிகேட்தான் என்றார்கள். சரி, வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

லண்டனில் இருந்திருந்தால் இதற்கே வண்டியின் கதை முடிந்திருக்கலாம். ஃபேரிங் உள்ள பைக் நின்ற இடத்தில் சாய்ந்தால்கூட, புதுப் பேனல் விலையையும் மணிக்கணக்குக் கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டு இன்சூரன்ஸ்காரர் 'கேட்டகரி என்' என்று எழுதிவிடுவதுண்டு. ஃபிரேமுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் சரிசெய்தால் கட்டுப்படியாகாது என்று அர்த்தம். 2017 அக்டோபரிலிருந்து இருக்கிற பிரிவு. பிளாஸ்டிக்குக்காக ஓடுகிற வண்டியை ஓரங்கட்டுவது எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

அப்புறம் பேனல்களை மட்டும் கழற்றி ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதுப்பேட்டை போனோம். வண்டியை எடுத்துப் போகத் தேவையில்லை, எழும்பூரில் இறங்கி நடந்தாலே போதும். பழைய ஸ்பேர்ஸ் என்றால் சென்னையில் முதலில் நினைவுக்கு வருகிற இடம், கூவம் ஓரம். எங்களுக்கு வேண்டிய ஆளுக்குக் கடை என்று ஒன்று கிடையாது. மூடின ஷட்டருக்கு முன்னால் ஒரு மேசை, அதற்குக் கீழே உடைந்த பேனல் குவியல், ஒரு சால்டரிங் அயன், ஒரு ஹாட் ஏர் கன். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பாய் முதலில் செய்தது பேனலைத் திருப்பி உள்பக்க அழுக்கைத் துணியால் துடைத்து எழுத்தைத் தேடியதுதான். அச்சிலேயே ஏபிஎஸ் என்று போட்டிருக்கும், அல்லது பிபி என்று, இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். சைடு பேனலில் எழுத்து தேய்ந்திருந்தது. உடனே பிளேடால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து டீ கிளாஸில் இருந்த தண்ணீரில் போட்டார். அது அடியில் போய் உட்கார்ந்தது. "பிபின்னா மிதக்கும் சார், இது ஏபிஎஸ்." பிபி தண்ணீரைவிட லேசு, ஏபிஎஸ் கொஞ்சம் கனம், அவ்வளவுதான் விஷயம், ஆனால் இதைப் பார்க்காமல் சூடு வைக்கிற ஆளிடம் கொடுத்தால் வீண். ஒரு வகையின் மேல் இன்னொரு வகையை உருக்கி ஊற்றினால் பிடித்த மாதிரி இருக்கும், நாலு ஸ்பீடு பிரேக்கரில் பெயர்ந்து வரும்.

விரிசல் முடிகிற நுனியில் சின்ன டிரில் பிட்டால் ஒரு ஓட்டை போட்டார், விரிசல் அதற்கு மேல் ஓடாமல் இருக்க. முன்பக்கம் டேப் ஒட்டி இரண்டு விளிம்பையும் மட்டமாகச் சேர்த்துவிட்டு, உள்பக்கம் அயன் நுனியால் விரிசல் நெடுக ஒரு பள்ளம் இழுத்தார். அதற்குள் ஸ்டீல் வலைத் துண்டு ஒன்றை வைத்து அழுத்தினார், டீ வடிகட்டியில் இருக்குமே அந்த மாதிரி வலை. சூட்டில் அது மெல்ல முங்கியது. மேலே நிரப்ப, குவியலில் இருந்து ஒரு கருப்பு ஏபிஎஸ் பேனலை எடுத்துக் குச்சி குச்சியாக நறுக்கி உருக்கினார். காணாமல் போன காதுகளுக்கும் அதே குவியல்தான், வேறு ஏதோ வண்டியின் காதை வெட்டி எடுத்து, போல்ட் ஓட்டை சரியாக வருகிறதா என்று எங்கள் பழைய தடத்தோடு வைத்துப் பார்த்து, பற்றவைத்தார். புகை நெடி தாங்கவில்லை, பாயோ முகத்தில் ஒரு கைக்குட்டைகூடக் கட்டவில்லை. மாஸ்க் போடலாமே பாய் என்றதற்குச் சிரித்தார்.

இங்கிலாந்தில் வீட்டிலேயே பைக் நோண்டுகிறவர்கள் லெகோ துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி விரிசலில் பூசுவார்கள், அதுவும் ஏபிஎஸ்தான் என்று சொன்னேன். "பொம்மையையா கரைக்கிறாங்க?" என்று பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

கொண்டுபோன முன் மட்காடை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். அதில் யாரோ முன்பே இன்ஸ்டன்ட் பசையும் சோடா மாவும் போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தக் கலவை கல் மாதிரி இறுகும், ஆனால் ஆட்டம் தாங்காது, வெடித்துவிடும். அதைச் சுரண்டி எடுக்கிற நேரத்துக்குப் பழைய மட்காடே வாங்கிவிடலாம் என்று நாலு கடை தள்ளி ஒரு ஆளைக் காட்டினார். வேலையை வேண்டாம் என்று சொல்கிற ஆளை நான் நம்புவேன்.

கூலி எல்லாம் சேர்த்து 900 ரூபாய். காலையில் கொடுத்து மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு வாங்கினோம். பில் கிடையாது, கேட்கவும் வேண்டாம். பணம் ஜிபேயில்தான் போனது. லண்டன் போன் நம்பரை வைத்தே என்.ஆர்.ஓ கணக்கை (வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வைத்திருக்கிற வங்கிக் கணக்கு) யுபிஐயில் இணைக்கலாம், 2023-இல் இருந்து பிரிட்டன் எண்களுக்கும் அனுமதி உண்டு, உங்கள் வங்கி அதைச் செய்து தருகிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெயின்ட் விஷயத்தில்தான் எனக்குத் திருப்தி இல்லை. பாயிடம் அந்த வேலை கிடையாது. அவர் அனுப்பிய இடத்தில் பட்டி தேய்த்தது நன்றாக இருந்தது, பிரைமரும் பரவாயில்லை, கலர் மட்டும் ஒட்டவில்லை. வெயிலில் வெளுத்த பழைய சிவப்புக்குப் பக்கத்தில் புதுச் சிவப்பு தனியாகத் தெரிகிறது. கேட்டால் "ஸ்டிக்கர் போட்டா மறைஞ்சிடும்" என்கிறார்கள். ஸ்டிக்கர் வேண்டும் என்றால் ஜி.பி. ரோடு பக்கத்தில்தான் இருக்கிறது, நானே போய் வாங்கமாட்டேனா? ஆகவே ஒட்டுகிற வேலையைப் புதுப்பேட்டையிலும், பெயின்டை வண்டியையே கொண்டுபோய் டேங்க்கோடு வைத்துக் கலர் கலக்குகிற ஆளிடமும் கொடுங்கள். காய இரண்டு நாள் விடச் சொல்லுங்கள், ஃப்ளைட் தேதியைச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. சைடு பேனல் பின் முறிவது பெரும்பாலும் விழுந்து அல்ல, கழற்றும்போதுதான். உள்ளே இருக்கிற ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும், சர்வீஸ் பையன் ஒரே இழுப்பாக இழுப்பான். சோப்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, பின் இருக்கிற இடத்துக்கு நேராகப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். தம்பி அந்த ரப்பர்களையும் புதிதாக மாற்றிவிட்டான், சில்லறைக் காசுதான். திண்டிவனம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, காது இரண்டும் அசையவில்லை என்று நேற்று போன் பண்ணினான். கலரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.