இஎக்ஸ்-1 கேமராவும் ஒயிட் பேலன்ஸும்: கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு அனுபவப் பகிர்வு

கல்யாண வீடியோவில் ஃபோகஸ் ஒரு நொடி தவறினால் யாரும் கேட்க மாட்டார்கள். அரக்குக் கலர் முகூர்த்தப் புடவை டிவியில் ஆரஞ்சாகத் தெரிந்தால் மட்டும் பொண்ணு வீட்டிலிருந்து போன் வந்துவிடும். "கடையில பார்த்த கலர் இது இல்லையே தம்பி." அதனால் சோனி பிஎம்டபிள்யூ-இஎக்ஸ்1 (PMW-EX1) வீடியோ கேமராவைப் பற்றிப் பேச வந்தால் எனக்கு ரெசல்யூஷன், லென்ஸ் எல்லாம் அப்புறம்தான். 2007-இல் வந்த கேமரா, அரை இஞ்ச் அளவில் சென்சார் மூன்று, இன்றைக்கும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் ஒயிட் பேலன்ஸ் வசதிகளைப் பற்றி, அதாவது எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி கேமராவின் கலரைச் சரிசெய்வதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பக்கவாட்டில் ஏ, பி, பிரீசெட் என்று மூன்று நிலை ஸ்விட்ச். லென்ஸுக்குக் கீழே முன்பக்கம் ஒரு பட்டன். ஏ-யிலோ பி-யிலோ ஸ்விட்சை வைத்து, வெள்ளை கார்டை ஃப்ரேம் நிறையப் பிடித்து, பட்டனை அமுக்கினால் ஓகே என்று வரும். வெளிச்சம் போதவில்லை என்றாலோ, வெளிச்சம் அதிகமாகி கார்டு வெளிறித் தெரிந்தாலோ என்.ஜி. (நோ குட், சரியில்லை) என்று வந்து, கூடவே காரணத்தையும் காட்டும். அந்தக் காரணத்தைப் படிக்காமல் பட்டனை மறுபடி மறுபடி அமுக்குகிறவர்கள்தான் நம் தொழிலில் அதிகம். பிரீசெட் வந்தபடியே 3200 கெல்வினில் இருக்கும், மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்.

எனக்கு ஏ என்றால் மணவறை, பி என்றால் மண்டபத்து வாசல். காசி யாத்திரைக்கு மாப்பிள்ளை குடையோடு வெளியே போய்த் திரும்பி உள்ளே வரும் வரை ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும் என்றால், வாசற்படியில் ஸ்விட்சைத் தள்ளினால் போதும். மெனுவில் ஷாக்லெஸ் ஒயிட் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்து வைத்தால் கலர் வெட்டென்று மாறாமல் மெல்ல மாறும். இந்த ஒரு வசதிக்காகவே இந்தக் கேமராவை இத்தனை வருடம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

சரி, கார்டு. மண்டபத்தில் வெள்ளைக்குப் பஞ்சமே இல்லை. "மாமா, ஒரு நிமிஷம் இப்படித் திரும்பி நில்லுங்க" என்று யாராவது ஒருவருடைய வேட்டியில் ஜூம் செய்து பட்டனை அமுக்குவது நம் ஊரில் காலம்காலமாக நடப்பது. ஆனால் வெளுத்த வேட்டியில் சொட்டு நீலம் இருக்கும். நம் கண்ணுக்கு அது பளிச்சென்ற வெள்ளை. கேமராவோ வெளிச்சமே நீலமாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு படம் முழுக்க மஞ்சளைக் கூட்டிவிடும். பட்டு வேட்டி என்றால் நேர் எதிர். அது சந்தன நிறம் கலந்த வெள்ளை, அதில் பேலன்ஸ் எடுத்தால் முகமெல்லாம் நீலம் பாய்ந்து ரத்தமில்லாத மாதிரி தெரியும். ஜெராக்ஸ் பேப்பரும் ஆகாது. வெள்ளையைத் தூக்கிக் காட்டுவதற்காக அதில் சேர்க்கும் ரசாயனம், பகல் வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீலமாகத் திருப்பிக் கொடுக்கும். ஸ்டூடியோ சாமான் கடையில் கிடைக்கும் மடக்கு கார்டு, ஒரு பக்கம் சாம்பல், மறு பக்கம் வெள்ளை, அதுதான் என் பையில் இருப்பது. அதையும் கேமரா பக்கத்தில் பிடித்துப் பயனில்லை. மணமக்கள் உட்காரும் பலகைக்கு மேலே, முகம் வரும் உயரத்தில், அங்கே விழுகிற வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். இதற்கு உதவியாளர் ஒருவர் தேவை. ஐயர் முறைப்பார், பரவாயில்லை.

வெளிச்சம் மாற மாறக் கேமராவே ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துகொண்டே போகும் ஆட்டோ டிரேசிங் இதிலும் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தி, வரவேற்புக் கூட்டம் மாதிரி சுற்றிச் சுற்றி ஓடும் இடங்களில் ஆன் செய்வேன். தாலி கட்டும்போது தொடமாட்டேன். தாலியின் குளோசப்பில் தங்கமும் மஞ்சள் கயிறும் மட்டும் ஃப்ரேமை அடைத்துக்கொள்ளும்போது, ஆட்டோ அந்த மஞ்சளை வெளிச்சத்தின் குற்றம் என்று நினைத்துக் குறைக்கப் பார்க்கும். பின்னாலேயே ஜூம் அவுட் செய்தால் முகம் நீலத்திலிருந்து மெதுவாகத் தேறி வரும். ஷாட்டுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும் கலரை எடிட்டிங்கில் பிடிப்பது பெரும்பாடு. அதுவும் இந்தக் கேமரா பதிவது 35 எம்பிபிஎஸ், 8 பிட், 4:2:0, அதாவது கலர் விவரத்தைக் குறைத்துச் சுருக்கிய பதிவு. கொஞ்சம் இழுத்தாலே நிழல் பகுதியில் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிடும்.

ஹாலஜன் லைட் பிடித்த காலத்தில் வேலை சுலபம், எல்லாம் 3200. இப்போது மேடையில் மஞ்சள் எல்இடி, பின்னால் நீலம் தூக்கலாக ஒரு எல்இடி திரை, கேமரா தலையில் 5600 லைட். இதில் எதற்கு பேலன்ஸ் எடுப்பது? முகத்துக்கு. திரை நீலமாகப் போனால் போகட்டும். கெல்வினைக் கையால் தட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: 3200-இல் நூறு கெல்வின் நகர்த்துவது 5600-இல் முந்நூறு நகர்த்துவதற்குச் சமம். அதனால் கீழ்ப்பக்கம் சின்னச் சின்னதாகத்தான் தட்ட வேண்டும். சிவப்பு, பச்சை, நீலத்தை மட்டும் கலந்து வெள்ளை காட்டும் டிஜே பார் லைட்டுகளில் எந்த பேலன்ஸும் தோலின் நிறத்தைக் காப்பாற்றாது. லைட்காரரிடம் பேசி, முகத்துக்கு வருவதை மட்டும் அணைக்கச் சொல்வதே வழி.

இஎக்ஸ்-1 வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு குணம், ஹாலஜன் வெளிச்சத்தில் கறுப்பு செயற்கை இழைத் துணி மரூன் கலரில் தெரிவது. ரிசப்ஷன் கோட்டுக்கு இது பெரிய சோதனை. கார்டை எத்தனை முறை காட்டினாலும் போகாது. காரணம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் அடர்சிவப்பும் சென்சாருக்குள் போய்விடுவது. டிஃபன் நிறுவனத்தின் டி-1 ஃபில்டர், 77 மிமீ அளவில், இதற்கென்றே வந்தது. மாட்டினால் கறுப்பு கறுப்பாகும். ஃபில்டர் மாட்டிய பிறகு ஏ, பி இரண்டையும் புதிதாக எடுத்துவிட வேண்டும். எல்இடி மட்டும் உள்ள மேடையில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. எல்இடி லைட்டில் அகச்சிவப்பு மிகக் குறைவு.

இரண்டாவது கேமராவாக மிரர்லெஸ் (வீடியோவும் எடுக்கும் ஸ்டில் கேமரா) வைத்தால், இரண்டிலும் 5600 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. எண் ஒன்றாக இருந்தாலும் கலர் ஒட்டாது. ஒரே கார்டை, ஒரே இடத்தில், இரண்டுக்கும் காட்ட வேண்டும். அப்புறமும் வித்தியாசம் தெரிந்தால் இஎக்ஸ்-1 மெனுவில் ஆஃப்செட் ஒயிட் இருக்கிறது, ஏ-க்கும் பி-க்கும் தனித்தனியாகக் கொஞ்சம் சூடாகவோ குளிராகவோ தள்ளிக்கொள்ளலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்க யாராவது யோசித்தால், கார்டோடு ஒரு கறுப்பு பாலியஸ்டர் துணியும் ஒரு ஹாலஜன் பல்பும் கொண்டு போங்கள். ஏ, பி ஸ்விட்சை நாலைந்து தடவை தள்ளிப் பாருங்கள், வியூஃபைண்டரில் நிலை தடுமாறினால் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது. வீடியோ பதிவாகும் பழைய எஸ்பைஎஸ் (SxS) மெமரி கார்டுகளையும் சேர்த்தே விலை பேசுங்கள்.