மாலா-என்: அட்டையின் பின்பக்கம் சொல்வது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் காசில்லாமல் கிடைக்கும் கருத்தடை மாத்திரை மாலா-என். அட்டையைக் கையில் வாங்கும்போதே பயம் வந்துவிடுகிறது: இது மரபணுவைக் கெடுக்குமா, பின்னால் பிறக்கும் பிள்ளைக்கு ஊனம் வருமா?

அட்டையில் 28 மாத்திரை. 21-இல் தலா 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் (புரோஜெஸ்டின் வகை செயற்கை ஹார்மோன்) 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடையாலும் (ஈஸ்ட்ரோஜன் வகை) இருக்கின்றன. நிறம் மாறியிருக்கும் 7 வெறும் இரும்புச்சத்து.

செயற்கை ஹார்மோன் எல்லாம் ஒன்றல்ல. டிஎன்ஏ-வில் போய் ஒட்டுவதாகத் தெளிவாகக் காட்டப்பட்டது சைப்ரோடெரோன் அசிடேட் என்ற இன்னொரு செயற்கை ஹார்மோன். கல்லீரல் நொதிகள் அதை மாற்றும்போது பிறக்கும் துண்டு டிஎன்ஏ-வைப் பற்றிக்கொள்கிறது. எலியின் கல்லீரல் செல்லிலும் மனிதக் கல்லீரல் செல்லிலும் ஆய்வகத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள். குளோர்மேடினோன் அசிடேட்டும் அதே வகை. லெவோநார்ஜெஸ்ட்ரல் வேறு குடும்பம். மாலா-என்னில் சைப்ரோடெரோன் இல்லை. முகப்பருவுக்கும் நீர்க்கட்டிக்கும் எழுதித் தரும் சில மாத்திரைகளில்தான் அது 2 மில்லிகிராம் இருக்கிறது. பழைய சீட்டைக் காட்டி அதையே கருத்தடைக்காக வருஷக்கணக்கில் வாங்குவது தவறு. கருத்தடை மட்டும் வேண்டும் என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறுங்கள்.

எத்தினைல் எஸ்ட்ராடையாலை முழுக்கக் குற்றமற்றது என்று சொல்ல மாட்டோம். ஈஸ்ட்ரோஜன் உடலில் சிதையும்போது உண்டாகும் குயினோன்கள் என்ற வேதிப்பொருள்கள் டிஎன்ஏ-வைத் தாக்க வல்லவை. ஆனால் அளவு முக்கியம்: 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 0.15 மில்லிகிராம், மாலா-என்னில் 0.03 தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை, இந்தக் கூட்டு மாத்திரைகளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மார்பகம், கருப்பை வாய், கல்லீரல் ஆகியவற்றில் ஆபத்து சற்றுக் கூடுகிறது. சினைப்பையிலும் கருப்பை உட்சுவரிலும் குறைகிறது. மார்பக ஆபத்து நிறுத்தியபின் படிப்படியாக இறங்கி, பத்து வருஷத்தில் மற்றவர்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்திக் கருத்தரித்தவர்களின் குழந்தைகளிடம் பிறவிக் குறை கூடியதாகத் தெரியவில்லை.

மாலா-என் காலை வாரிவிடுவது பெரும்பாலும் வேளை தவறுவதால்தான். ஓசூர் ஷிப்டுக்குப் போகிறவர்கள் தூங்கும் நேரத்தை நம்பாமல் செல்போனில் ஒரே மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரை விட்டுப்போனால் நினைவு வந்தவுடன் போடுங்கள், அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் போடுங்கள். அடுத்தடுத்து இரண்டோ அதற்கு மேலோ விட்டால், ஒன்றை உடனே போட்டுத் தொடருங்கள், ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். மூன்றாவது வாரத்தில் அப்படி நடந்தால் இரும்பு மாத்திரையை விட்டுவிட்டுப் புது அட்டையைத் தொடங்குங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமாசெபைனும் இதன் பலனைக் குறைத்துவிடும்.

முதல் அட்டைக்கு முன் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 140/90-ஐத் தொட்டாலோ, கண்ணில் மின்னலடித்து ஒற்றைத் தலைவலி வந்தாலோ, முன்பு காலில் ரத்தம் உறைந்திருந்தாலோ, கல்லீரல் நோய் இருந்தாலோ, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ இது வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு அதே சுகாதார நிலையத்தில் சாயா என்ற வேறொரு கருத்தடை மாத்திரை உண்டு. அதில் ஈஸ்ட்ரோஜனும் இல்லை, புரோஜெஸ்டினும் இல்லை. 30 மில்லிகிராம் மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு முறை, பிறகு வாரம் ஒன்று.