கண்ணாடி இழை இணைய இணைப்பு: நான்கு ஆண்டுக் குறிப்பேடு

தாம்பரத்தை அடுத்த புறநகர்ப் பகுதியில் வீட்டிலிருந்தபடியே சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். 2021 ஜூனில் ஒரு தனியார் நிறுவனத்தின் கண்ணாடி இழை இணைப்பை எடுத்தேன். மாதம் 499 ரூபாய், வரியோடு சேர்த்து 589. இணைப்பு எப்போது போனது, எப்போது திரும்பியது என்பதை முதல் வாரத்திலிருந்தே ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். வேகத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. இருக்கும் நாட்களில் அருமையாகவே இருக்கிறது. நான் சொல்ல வந்தது இல்லாத நாட்களைப் பற்றி, அந்த நாட்களில் நிறுவனம் நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி.

மோடத்தில் 'லாஸ்' என்று எழுதிய சிறு விளக்கு சிவப்பாக மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். மோடத்தை அணைத்துப் போட்டால் அது சரியாகாது. ஆனாலும் சேவை மையத்தை அழைக்கும் ஒவ்வொரு முறையும், "மோடத்தை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சுப் போடுங்க சார்" என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அங்கே பேசும் பிள்ளைகள் மீது எனக்கு வருத்தமில்லை; அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருப்பது அவ்வளவுதான்.

இழை அறுவதற்கான காரணங்கள் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்தவை. மழைநீர் வடிகாலுக்கும் பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மாறி மாறித் தெருவைத் தோண்டுகிறார்கள். தோண்டுவதற்கு முன் கேபிள் உரிமையாளர்களுக்குத் தெரிவிப்பதற்கென்றே 2023 மார்ச்சில் ஒன்றிய அரசு ஒரு செயலியை வெளியிட்டது. எங்கள் தெருவில் ஜேசிபி ஓட்டியவர்களிடம் விசாரித்தபோது ஒருவரும் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. மண்ணுக்கடியில் போகாத இழைகள் கம்பத்திலும் மரக்கிளையிலும் தொங்குகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்த எவருக்கும் அந்த ஏற்பாட்டின் ஆபத்து புரியும். இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். அறுந்தால் ஒட்டத்தானே வேண்டும், அதற்கு நேரமும் ஆகும்.

பொறுக்க முடியாதது 2025 பிப்ரவரியில் நடந்தது. 17-ஆம் தேதி திங்கட்கிழமை காலை 10.20 மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. புகார் பதிந்தேன், 24 மணி நேரத்தில் சரியாகும் என்று குறுஞ்செய்தி வந்தது. செவ்வாய் இரவு 9.15-க்கு, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று அடுத்த செய்தி வந்தபோது, நான் அந்தச் சிவப்பு விளக்கின் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை, யாரும் அழைத்துக் கேட்கவும் இல்லை. புதன்கிழமை மறுபடியும் புகார், புதிய எண். வியாழன் மாலை அதுவும் மூடப்பட்டது. வெள்ளிக்கிழமை மூன்றாவது எண்.

அந்த வியாழக்கிழமை 20-ஆம் தேதி. மாதக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள் அதுதான். தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு. என் கைப்பேசி எண்ணும் அதே நிறுவனத்துடையது என்பதால் அதிலும் இணையம் நகரவே இல்லை. கடைசியில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் ஒருவரின் இரும்புக் கடைக்குப் போய், இரவு 11 மணி வரை அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தேன். இரண்டு பேருடைய கணக்கு தவறிப்போனது. மறுநாள் தாமதக் கட்டணத்தை நானே கட்டினேன். தொகை பெரிதில்லை, ஆனால் பத்து ஆண்டுகளாக என்னை நம்பி வருபவர்களிடம் அதைச் சொல்ல நேர்ந்தது இன்றும் உறுத்துகிறது.

சனிக்கிழமை மாலை ஒரு தம்பி வந்தார். தெருமுனையில் இழை ஒட்டும் கருவியைத் தன் ஸ்கூட்டர் இருக்கையின்மேல் வைத்து, முடியைவிடச் சற்றே தடித்த அந்த இழையின் மேலுறையை உரித்து, ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நுனியைச் சீராக வெட்டி இரு முனைகளையும் உள்ளே பொருத்தினார். கருவியின் சிறு திரையில் இரண்டு முனைகளும் நெருங்கி வந்து ஒன்றாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒளி அளவியில் மைனஸ் 20 காட்டியது; மைனஸ் 27-க்குக் கீழே போனால்தான் தொல்லையாம். மொத்த வேலையும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. "எனக்கு இன்னைக்குக் காலைலதான் சார் சொன்னாங்க. திங்கக்கிழமையே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேன்" என்றார். பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்துக்குப் போகும் இழையும் அதே பள்ளத்தில்தான் அறுந்து கிடந்தது என்பதையும் அவர்தான் சொன்னார்.

ஆக, ஐந்து நாளும் எங்கள் தெருவில் இழை அறுந்து கிடந்தது. நிறுவனத்தின் பதிவேட்டிலோ இரண்டு முறை தீர்ந்திருந்தது. இதன் விளைவு எனக்குப் பிறகுதான் புரிந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வெளியிட்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சேவைத் தர விதிகளின்படி, கம்பிவழி இணைப்பின் பழுது மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் வாடிக்கையாளருக்கு வாடகைக் கழிவு தர வேண்டும். நான் கேட்டபோது, என்னுடைய எந்தப் புகாரும் மூன்று நாளைத் தாண்டவில்லை என்று பதில் வந்தது. புகாரை மூடி மூடித் திறந்தால் எதுதான் மூன்று நாளைத் தாண்டும்?

நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். இதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டு விதி. பலரும் ஆணையத்துக்கே நேரடியாக எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகார்களை ஆணையம் தானே விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழியும் திறந்தே இருக்கிறது, 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்திருக்கிறது. குறிப்பேட்டின் பக்கங்களையும், சிவப்பு விளக்கின் படங்களையும், மூன்று புகார் எண்களையும் இணைத்து அனுப்பினேன். 31-ஆம் நாள் பதில் வந்தது. ஐந்து நாள் வாடகையான 83 ரூபாயை அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொண்டார்கள்.

இணைப்பை இன்னும் மாற்றவில்லை. எங்கள் தெருவுக்கு வரும் மற்ற இரண்டு நிறுவனங்களின் இழைகளும் அதே கம்பங்களில்தான் தொங்குகின்றன. கைப்பேசி எண்ணை மட்டும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டேன். வீட்டுக்கும் கைப்பேசிக்கும் ஒரே நிறுவனத்தை வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள், நான் மாதாமாதம்தான் கட்டுகிறேன்.

என் மேல்முறையீட்டில் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தேன்: வீட்டுக்கு ஆள் வராமலேயே அந்த இரண்டு புகார்களையும் தீர்ந்ததாக மூடியது யார், எதை வைத்து மூடினார்கள்? அதற்குப் பதில் இல்லை. மீண்டும் எழுதியிருக்கிறேன்.