சிறிய ரேடியோ படகுக்கு வேகத்தில் நிதானம்: எடையா, விளிம்பா, தகடா, ஃபின்னா?

அரை மீட்டர் நீளம்கூட இல்லாத, அடிப்பரப்பு V வடிவில் இருக்கும் (வி-அடி) ரேடியோ கட்டுப்பாட்டுப் படகில் மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் போட்டுவிட்டால் வேகத்துக்குக் குறைவிருக்காது. அந்த வேகத்தில் படகு சொன்னபடி கேட்குமா என்பதுதான் சிக்கல். சில படகுகள் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் தவளைபோல் தத்தும். சில, இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே ஓடும். நேராக ஒழுங்காக ஓடிவிட்டுத் திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிக் கவிழ்பவையும் உண்டு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பாகம் வாங்குவது காசைக் குளத்தில் போடுவதுதான்.

செலவே இல்லாத வழி எடையை நகர்த்துவது. படகில் எளிதாக இடம் மாற்றக்கூடிய கனமான பொருள் பேட்டரி. வி-அடிப் படகுக்கு எடை மையம், படகின் பின்பக்கச் சுவரான பின்பலகையிலிருந்து நீளத்தில் சுமார் 30 சதவீதத்தில் இருக்க வேண்டும் என்பது பழகிப்போன கணக்கு. 46 சென்டிமீட்டர் படகென்றால் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். பேட்டரியை வைத்து, மூடியையும் போட்டு, இரு பக்கமும் விரல் நுனியில் தாங்கிப் பார்த்தால் மையம் தெரிந்துவிடும். தத்தும் படகுகளில் பெரும்பாலும் அது பின்னால் தள்ளி இருக்கும். பேட்டரியை அரை சென்டிமீட்டர் முன்னே நகர்த்தி ஓட்டுங்கள், பிறகு இன்னொரு அரை. ஒவ்வொரு இடத்தையும் உள்ளே பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது. அளவு மீறினால் அடிப்பரப்பு அதிகம் நனைந்து வேகம் குறையும். திருப்பத்தில் மூக்கு தண்ணீரைக் கவ்விப் படகைச் சுண்டிவிடும். கவிழ்ந்தால் தானே நிமிரும் படகுகளில் ஒரு பக்க அறைக்குள் தண்ணீர் புகுந்துதான் அதை நிமிர்த்துகிறது. எடையை மாற்றியதும் கரையோரத்தில் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது விளிம்பு. ஏன் இதைப் பலர் கண்டுகொள்வதில்லை என்று எனக்குப் புரியவில்லை. அச்சில் வார்த்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் உடலில், அடிப்பரப்பும் பின்பலகையும் சேரும் மூலை சற்று உருண்டு இருக்கும். வேகத்தில் தண்ணீர் அந்த மூலையில் சட்டென்று அறுந்து விலக வேண்டும்; உருண்டிருந்தால் வளைவைத் தழுவி மேலேறிப் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும். மூலையில் எபாக்சி புட்டியை மெலிதாக ஏற்றி, காய்ந்த பிறகு தட்டையான மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேயுங்கள். நகத்தை ஓட்டினால் நகம் சுரண்டும் அளவுக்குக் கூர்மை வந்தால் போதும். கையோடு ஓர் இரும்பு ஸ்கேலை அடிப்பரப்பின் கடைசிப் பகுதியில் நீளவாக்கில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே குழிவு, அது மூக்கை அழுத்தும். ஸ்கேல் முன்னும் பின்னும் ஆடினால் புடைப்பு, தத்தலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். புடைப்பு இருக்கும்வரை பேட்டரியை எங்கே நகர்த்தினாலும் அரைகுறைத் தீர்வுதான்.

உண்மையான போட்டி டிரிம் தகட்டுக்கும் ஃபின்னுக்கும் இடையில்தான். தகடு பின்பலகையின் இரு ஓரங்களிலும் அடிப்பரப்பின் நீட்சியாகக் கிடையாக நிற்பது. இம்மி கீழே வளைத்தால் பின்பக்கம் எழும், மூக்கு தணியும், தத்தல் அடங்கும். படகு சாயும்போது சாய்ந்த பக்கத்தைத் தாங்குவதால் ஆட்டமும் குறையும். பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பல்லர் இடஞ்சுழியாகச் சுற்றினால் உடல் வலப்புறம் சாயப் பார்க்கும். வலத் தகட்டை மட்டும் மயிரிழை தாழ்த்தினால் அது சரியாகும். ஆனால் தாழ்த்திய பக்கத்தில் இழுவை கூடுவதால் படகும் அந்தப் பக்கம் இழுக்கும், சுக்கானில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். தகட்டின் இழுவை நேர் ஓட்டம் முழுவதும் கூடவே வரும். அலையடிக்கும் தண்ணீரில் அழுத்தப்பட்ட மூக்கு அலைக்குள் குத்தும் ஆபத்தும் உண்டு.

ஃபின், பின்பலகையின் இரு ஓரங்களிலும் மீன் துடுப்புபோலத் தண்ணீருக்குள் இறங்கிச் செங்குத்தாக நிற்பது. நேர் ஓட்டத்தில் அது அதிகம் தடுக்காது, படகின் நடுக்கோட்டுக்கு இணையாகப் பொருத்தியிருந்தால் மட்டும். கொஞ்சம் கோணினாலும் இரண்டு ஃபின்களும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொண்டு வேகத்தைத் தின்னும். திருப்பத்தில் உட்பக்க ஃபின் தண்ணீரைப் பற்றிக்கொள்ள, பின்பக்கம் வழுக்காது. பந்தயங்களில் படகுகள் வழக்கமாக வலப்புறமாகவே சுற்றுவதால் அங்கே வலப்பக்கப் பிடிமானம்தான் முக்கியம்; பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்கு இரண்டு பக்கமும் தேவை. ஹார்டுவேர் கடையின் மெல்லிய அலுமினிய எல்-பட்டையிலேயே வெட்டிக்கொள்ளலாம். முன்விளிம்பை அரத்தால் சீவி, திருகு ஓட்டைகளை எபாக்சியால் அடைத்து, பின்பலகைக்கு உள்ளே ஒரு தாங்கு தகடும் வையுங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் ஏற்றிய திருகு நெடுநாள் நிற்காது. குறை என்னவென்றால், பாசி பிடித்த குளத்தில் ஃபின் பாசியை அள்ளிக்கொண்டு வரும். மேலும் பிடிமானம் மிஞ்சினால், வழுக்க வேண்டிய படகு தடுக்கி வெளிப்பக்கம் உருளும். அதனால் ஃபின்னை நீளமாக விட்டுவிடாதீர்கள்.

ஒன்றுதான் பொருத்துவேன் என்றால் நான் ஃபின்னையே சொல்வேன். நேர் ஓட்டக் கோளாறுகளில் பெரும்பகுதியை எடையும் விளிம்பும் தீர்த்துவிடும். திருப்ப வழுக்கலை அவை தீர்ப்பதில்லை. எடையைச் சரிசெய்த பிறகும் ஆட்டம் நிற்காத படகுக்கே தகடு.

பெரிய புரொப்பல்லரைக் கையாளுதலுக்கான மாற்றமாக விற்பவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஒரே சுழல் வேகத்தில் அது கேட்கும் திறன், விட்டத்தின் ஐந்தாம் மடியை ஒட்டிக் கூடும். 32 மில்லிமீட்டரிலிருந்து 35-க்குப் போனால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதற்கேற்ப உடலைச் சாய்க்கும் திருப்புவிசையும் கூடும், மோட்டாரும் வேகக்கட்டுப்பாட்டுப் பலகையும் கொதிக்கும். இருக்கும் புரொப்பல்லரின் விளிம்பைத் தீட்டிச் சமன்செய்வது போதும். சுக்கான் கையால் முறுக்கினால் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால், அந்தப் பணத்தை உலோகச் சுக்கானில் போடலாம்.