ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் கேமிங் பிசி அசெம்பிள் செய்பவர்களுக்கு, பிராசஸர் சிப்பின் சூட்டைத் தணிக்க என் ஓட்டு ஃபேன் காற்றால் குளிர்விக்கும் ஏர் கூலருக்குத்தான். அதில் கெட்டுப்போகக்கூடியது ஃபேன் மட்டும்தான். அதையும் தனியாக வாங்கி மாற்றிவிடலாம். திரவத்தைச் சுழலவிட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலரில் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழு செட்டையே மாற்ற வேண்டும். உப்புக்காற்று இரண்டின் அலுமினியத் தகடுகளையும் அரிக்கும்தான். ஆனால் லிக்விட் கூலரில் திரவத்தின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் ஈரத்தோடு தூசி ஒட்டிக்கொண்டால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

ரைசன் 5 7600 போன்ற 65 வாட் சிப்புக்குப் பெட்டியோடு வரும் கூலரே போதும். அப்புறம், லிக்விட் எப்போது? கோர் ஐ9 14900கே போல 253 வாட் வரை இழுக்கும் சிப் என்றால் 360 மி.மீ. ரேடியேட்டர் வாங்குங்கள். மற்றவர்கள் மிச்சப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள், கேமில் நொடிக்கு வரும் ஃப்ரேம் (படங்கள்) அங்கேதான் கூடும்.