சராசரி வேகம்: சூத்திரமா, பாவனைத் தொலைவா?

போகும்போது மணிக்கு 40 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது 60 கி.மீ. சராசரி வேகம்? கை தானாக 50 என்று எழுதப் பார்க்கும், விடையோ 48. மெதுவான பயணம் கூடுதல் நேரத்தை விழுங்குவதால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. இரு வேகத்திலும் சம நேரம் சென்றிருந்தால்தான் 50 சரி.

பலரும் மனப்பாடமாக வைத்திருப்பது சூத்திரம்: இரு வேகங்களின் பெருக்கலை இரட்டித்து, கூட்டுத்தொகையால் வகுப்பது. 2 × 40 × 60 ÷ 100 = 48. ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் இது தொலைவுகள் சமமானால் மட்டுமே செல்லும். முதல் 120 கி.மீ. 40 வேகத்திலும் அடுத்த 60 கி.மீ. 60 வேகத்திலும் என்று கேள்வியை மாற்றினால் 3 + 1 = 4 மணி நேரம், 180 ÷ 4 = 45. சூத்திரம் அப்போதும் கூசாமல் 48 என்றே சொல்லும்.

எனக்குப் பிடித்தது பாவனைத் தொலைவு, அதாவது கணக்குக்கு வசதியான ஒரு தொலைவை நாமே வைத்துக்கொள்வது. 40, 60 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 120; ஒருவழித் தொலைவு அதுவே என்று வைத்துக்கொண்டால் போக 3 மணி, வர 2 மணி, 240 ÷ 5 = 48. வழியை மூன்று சம பங்காக்கி 30, 40, 60 வேகங்களில் கடந்தாலும் அதே 120 போதும்: 4 + 3 + 2 = 9 மணி, 360 ÷ 9 = 40. இதற்கும் ஓர் எல்லை உண்டு. நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு என்று வந்துவிட்டால் உண்மைத் தொலைவு தெரிந்தாக வேண்டும். ஒருவழி 120 என்றால் சராசரி 40. 240 என்றால் 43.6.

விகித முறை மனக்கணக்குக்காரர்களுக்கு. வேகம் 2:3 என்றால் நேரம் 3:2. மொத்தம் ஐந்து பங்கு நேரத்தில் 60-இல் செல்வது இரண்டு பங்கு; ஆகவே வேகங்களின் இடைவெளி 20-ஐ ஐந்தாக்கி, 40-இலிருந்து இரண்டு பங்கு ஏறினால் 48. மூன்று வேகங்கள் வந்தால் திணறும்.

பாதி வழியை 30-இல் கடந்தாயிற்று, மொத்தச் சராசரி 60 வேண்டும். மீதியை எந்த வேகத்தில் போவது? சூத்திரத்தில் போட்டால் 0 = 1800 என்று வந்து நிற்கும்; எங்கோ கூட்டலில் பிசகிவிட்டோம் என்று மறுபடி தொடங்குவோம். ஒரு பாதியை 60 கி.மீ. என்று பாவித்துப் பாருங்கள். முழு 120-க்கும் அனுமதி 2 மணி நேரம்; முதல் பாதியிலேயே அந்த 2 மணியும் தீர்ந்துவிட்டது.