பெய்லர் தூக்கி வரும் மணல்: மிரி கடல் கிணறுகளில் 11 வருடம்

சரவாக்கில் மிரிக்கு அப்பால், பாரம் டெல்டா கடல் எண்ணெய் வயல்களில் ஸ்லிக்லைன் வேலை பார்க்கிறேன், அதாவது மெல்லிய கம்பியில் கருவிகளைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கும் வேலை. இங்கே பல அடுக்குகள் பேருக்குத்தான் பாறை, கையில் பிசைந்தால் உதிர்ந்துவிடும். எண்ணெயோடு மணலும் ஏறி வரும். வேகம் குறைந்த இடத்தில் படிந்து வழியை அடைக்கும். அதை அள்ளத்தான் பெய்லர்.

நான் அதிகம் நம்புவது பம்ப் பெய்லரை. ஒரு குழாய், உள்ளே பிஸ்டன், அடியில் ஒரு குண்டு வால்வு, அவ்வளவுதான். கம்பியை மேலே இழுத்தால் ஊசி மருந்து ஏற்றுவது போல மணலை உறிஞ்சும். கீழே விட்டால் குண்டு உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளும். ஆனால் அந்தக் குண்டின் இருக்கையில் ஒரு மணல் சிக்கினாலும் போதும், மேலே வருவதற்குள் பாதி ஒழுகியிருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் இருக்கையைத் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவேன். கீறல் தட்டுப்பட்டால் மாற்றிவிடுவேன்.

இறுகிப்போன மணலுக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் பெய்லர். உள்ளே வெறும் காற்று. அடியில் தட்டியதும் அதை மூடி வைத்திருக்கும் சிறு ஊசி (பின்) உடைந்து, வெளி அழுத்தமே மணலை உள்ளே தள்ளும். ஒரே மூச்சில் நிறைந்துவிடும். ஆனால் 1,500 மீட்டரில் தண்ணீர் நிரம்பிய கிணறென்றால் சுமார் 2,100 பிஎஸ்ஐ. அந்த அழுத்தம் குழாய்க்குள் சிறைப்பட்டு மேலே வரலாம். ஒருமுறை கூட வேலை பார்த்த தம்பி அதை வெளியேற்றாமல் குழாய் இணைப்பைக் கழற்றப் போனான். மணல் சீறி அடித்தது. முகக் கவசம் இருந்ததால் கண் தப்பியது. அன்றிலிருந்து அழுத்தத் திருகை நானே திறக்கிறேன், அவசரப்படுத்தினாலும் சரி.

இறக்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள். 5 அடி நீளம், ஒன்றரை அங்குல உள்விட்டம் என்றால் முழுதாக நிறைந்தாலும் 1.7 லிட்டர்தான். 2 7/8 அங்குல டியூபிங்கில் (எண்ணெய் ஏறி வரும் உள்குழாய்) ஒரு மீட்டர் மணல் 3 லிட்டர். இரண்டு மூன்று நடையில் முடியும். அதுவே 7 அங்குல கேசிங் (கிணற்றுச் சுவரைத் தாங்கும் வெளிக்குழாய்) என்றால் மீட்டருக்கு 20 லிட்டர். பத்து மீட்டர் நிறைந்திருந்தால் நூறு நடைக்கு மேல்! அங்கே பெய்லரோடு மல்லுக்கட்டாமல் காயில்டு டியூபிங்கைக் கேளுங்கள், சுருளிலிருந்து இறக்கி, திரவம் பாய்ச்சி மணலைக் கழுவி எடுக்கும் நீளக் குழாய் அது. சாய்வான கிணற்றில் அதற்கும் பாடுதான்: கழுவி எழுப்பிய மணல் சரிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும்.

அப்புறம், அள்ளியதைக் கொட்டிவிடாதீர்கள். பெய்லரைப் பற்றி நான் சொல்ல விரும்புவதே இதுதான். உள்ளங்கையில் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். மாவு போலக் கலங்கலாக, முனை கூராக இருந்தால் அடுக்கின் மணல். கடுகைவிடச் சிறிதாக, உருண்டையாக, ஒரே அளவில், சுத்தமாக வந்தால் அது ஸ்கிரீனை (மணலைத் தடுக்கும் சல்லடைக் குழாய்) சுற்றி நாம் நிரப்பிய 20/40 அளவு கிராவல் எனும் பருமணல், அரை மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். அது உள்ளே வரவே கூடாது. வந்தால் ஸ்கிரீன் எங்கோ அரித்து ஓட்டையாகிவிட்டது.

போன வருடம் மூன்றாவது நடையிலேயே அப்படி 4 கிராவல் மணிகள் விழுந்தன. பையில் போட்டு, ஆழத்தை எழுதி, பொறியாளரிடம் கொடுத்தேன். அன்று மாலையே கிணற்றை மூடிவிட்டார்கள்.